உடையாத ஆப்பிள் பை

எங்கள் ஊரில் ஒரு கல்யாணம் முடிவானால், மண்டபம் பிடிப்பதற்கு முன்பே குக்கி மேசைக்கு ஆள் பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். விருந்துக்கு வேண்டியவர்கள் ஆளுக்கொரு வகை குக்கி வீட்டில் சுட்டுக் கொண்டுவந்து அடுக்குகிற மேசை அது. மேசைப் பொறுப்பை எடுத்துக்கொண்ட பெண் வீடு வீடாகப் போன் செய்வாள். "உன்னால முடியுமா" என்று கேட்க மாட்டாள். "நீ என்ன செய்யறே?" என்றுதான் கேட்பாள். அந்தக் கேள்வி வந்தால் நாம் அந்தக் குடும்பத்துக்கு வேண்டியவர் என்று அர்த்தம். வராவிட்டால் அதற்கும் அர்த்தம் உண்டு.

ஜனெல் பெட்ராக்கின் கல்யாணம் அக்டோபரில் என்று முடிவானபோது, அவளுடைய அத்தை ரோபர்ட்டா பொறுப்பை எடுத்துக்கொண்டாள். ஆகஸ்ட்டிலேயே எனக்குப் போன் வந்தது.

"பெர்னி, நீ என்ன செய்யறே? சுருட்டி கிரீம் வெக்கறத சொல்லிடாதே. அத யார் செய்யறதுன்னு ஏற்கெனவே சண்டை."

"வால்நட் சுருள்," என்றேன். எனக்கு வந்தது அது ஒன்றுதான்.

"நல்லதாப் போச்சு. போன தடவை மாதிரி கருக்கிடாதே," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மார்சீன் ஹுடாக்குக்குப் போன் வரவில்லை. வராது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த மாதம் முழுவதும் அவள் போனை ஏப்ரன் பையிலேயே வைத்திருந்தாள். வேலை நேரத்தில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று எங்கள் சமையலறையில் விதி. வேறு எந்த விதியையும் மார்சீன் மீறி நான் பார்த்ததில்லை.

நாங்கள் இருவரும் உயர்நிலைப் பள்ளி உணவுக்கூடத்தில் வேலை செய்தோம். மார்சீன் உயரமானவள். பெரிய கைகள். ஆண்கள் அணியும் ஷூதான் அவள் காலுக்குச் சரியாக இருக்கும். பேசுவதற்கு முன் ஒரு தடவை சமையல் மேடையைத் துடைப்பாள், மேடை சுத்தமாக இருந்தாலும். அதிகம் பேசாதவள் என்பதால் எனக்கு அவள் பக்கத்தில் நிற்பது சௌகரியமாக இருந்தது. நானும் அப்படித்தான்.

அவள் ஏரிக்கரைப் பக்கத்துக்காரி. அப்பா அடுத்தவர் தோட்டங்களில் ஆப்பிள் பறித்தார், பிறகு ஆப்பிள் லாரி ஓட்டினார். அந்தப் பக்கத்தில், ஆப்பிளை மாவுக்குள் மூடிச் சுடுகிற ஆப்பிள் பை வெட்டித் தந்தால் கூடவே ஒரு துண்டு சீஸ் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கஞ்சத்தனம் என்பார்கள். எங்கள் பக்கத்தில் அதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. லென் பெட்ராக் முகம் சுளித்த ஆள்தான். ஆனாலும் அவளைக் கல்யாணம் செய்துகொண்டான். குழாய் ஆலையில் வேலை செய்த அவனுக்கு ஏற்கெனவே ஒரு கல்யாணம் ஆகியிருந்தது. அந்த மனைவி ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டாள், மகளை விட்டுவிட்டு. அந்த மகள்தான் ஜனெல். மார்சீன் அந்த வீட்டுக்கு வந்தபோது குழந்தைக்கு நாலு வயது.

அம்மா என்று கூப்பிடச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை. "மார்ஸி" என்று கூப்பிட்டது.

முதல் இலையுதிர் காலத்தில் மார்சீன் பெரிய ஆப்பிள் பை ஒன்று சுட்டு, குழந்தைக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். ஜனெல் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"எனக்கு இது வேண்டாம். உடைஞ்சிருக்கு."

"உடையல கண்ணு. வெட்டியிருக்கேன்."

"உடைஞ்சிருக்கு! பாரு, உள்ள இருக்கறதெல்லாம் வெளிய விழுது!"

விழுந்துகொண்டுதான் இருந்தது. முக்கோணமாக வெட்டிய எந்தத் துண்டிலும் இரண்டு பக்கம் திறந்துதான் இருக்கும். மார்சீன் அதற்கு முன் அப்படி யோசித்ததில்லையாம். மறுநாள் மிச்ச மாவைத் தேய்த்து, டம்ளர் வாயால் வட்டம் வெட்டி, நடுவில் ஆப்பிளை வைத்து, மேலே இன்னொரு வட்டத்தால் மூடிச் சுட்டுக் கொடுத்தாள். குழந்தை அதையும் தொடவில்லை. உள்ளே ஆப்பிள் இருக்கிறதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டது. அதனால் மூன்றாம் நாள் மேல் வட்டத்துக்குப் பதிலாக மாவை நாடா நாடாக வெட்டி, கூடை பின்னுகிற மாதிரி குறுக்கும் நெடுக்கும் பின்னி வைத்தாள். எல்லாப் பக்கமும் மூடியிருந்தது, உள்ளே இருப்பதும் தெரிந்தது. ஜனெல் ஏற்றுக்கொண்டாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு முழு ஆப்பிள் பை. பிறகு வருஷத்துக்கு வருஷம் அளவு சுருங்கி குக்கி ஆனது, ஏனென்றால் பள்ளிக்கு எடுத்துப்போகும் டப்பாவில் அதுதான் அடங்கும்.

ஜனெல்லுக்குப் பன்னிரண்டு வயதானபோது லென்னுக்கும் மார்சீனுக்கும் விவாகரத்து ஆனது. பெரிய சண்டை எதுவும் இல்லை. லென்னுக்கு வேறொருத்தி கிடைத்திருந்தாள், பிறகு அவளும் நிலைக்கவில்லை, அது வேறு கதை. பெறாத பிள்ளை மேல் மாற்றாந்தாய்க்குச் சட்டத்தில் உரிமை எதுவும் இல்லை என்று வக்கீல் சொன்னார். "அவளக் குழப்பாதே மார்சீன். ஒதுங்கியிரு," என்று லென் சொன்னான். மார்சீன் ஒதுங்கினாள். பெட்ராக் என்ற பெயரையும் விட்டுவிட்டு, பழையபடி ஹுடாக் ஆனாள்.

ஆனால் ஊர் சிறியது, உயர்நிலைப் பள்ளி ஒன்றுதான். இரண்டு வருஷம் கழித்து ஜனெல் கையில் சாப்பாட்டுத் தட்டோடு எங்கள் வரிசையில் வந்து நின்றாள்.

"கிரேவி வேணுமா?" என்று மார்சீன் கேட்டாள்.

"ம். தேங்க்ஸ்."

நாலு வருஷம் அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் நின்று ரொட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அதனால் தெரியும். ஆப்பிள் மேல் ஓட்ஸ் தூவிச் சுடுகிற நாட்களில் மட்டும் ஒன்று நடக்கும். அந்தப் பெரிய நீள்சதுரத் தட்டில் மூலைத் துண்டுதான் மொறுமொறுப்பாக இருக்கும். பையன்கள் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். "மூலை தீந்துடுச்சு," என்பாள் மார்சீன். மூலை அங்கேயே கண் முன்னால் இருக்கும். "இதோ இருக்கே!" என்பான் ஒருவன். "அது மூலை இல்ல, ஓரம்," என்பாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். அது ஜனெல் வரும்வரை அங்கேயே இருக்கும்.

செப்டம்பர் கடைசியில், செலரித் தண்டு நறுக்கிக்கொண்டிருந்தபோது மார்சீன் மேடையைத் துடைத்தாள்.

"ரோபர்ட்டாகிட்ட என்ன செய்யறதா சொன்னே?"

"வால்நட் சுருள்."

"சுட்டாச்சா?"

"இன்னும் இல்ல."

"அப்ப மாத்திடேன். ஆப்பிள் பை குக்கின்னு சொல்லு. நான் செஞ்சு தரேன். உன் பேர்லயே வெச்சிடு."

நான் கத்தியைக் கீழே வைத்தேன். அவள் இன்னொரு கட்டு செலரியை எடுத்தாள்.

"நேரா ஜனெல்கிட்டயே சொல்லேன். வேண்டாம்னு சொல்லிடுவாளா?" என்றேன்.

"சொல்லலாம், சொல்லாம இருக்கலாம். கல்யாண நாள்ல அப்பனுக்கும் எனக்கும் நடுவுல அவள ஏன் நிக்க வெக்கணும்? எனக்கு அங்க வரணும்னுகூட இல்ல பெர்னி. அவ ஒண்ணு சாப்பிட்டா போதும். யார் செஞ்சதுன்னு தெரிய வேண்டாம். நீ சொல்லக் கூடாது. சொல்ல மாட்டேதானே?"

"மாட்டேன்."

நான் வாக்குக் கொடுத்தது அதற்குத்தான்.

எனக்குப் போனில் பேசுவதே கஷ்டம், அதிலும் ரோபர்ட்டாவோடு. என்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"ஆப்பிளா?" என்றாள். "அது ஃப்ரீசர்ல வெச்சா தண்ணி விட்டுடுமே. என் வீட்டு ஃப்ரீசர்ல இப்பவே உக்கார எடமில்ல."

"முதல் நாள்தான் சுடுவேன். ஃப்ரீசர் வேண்டாம்."

"முதல் நாளா? உனக்கென்ன பைத்தியமா? எல்லாரும் இப்பவே சுட்டு ஃப்ரீசர்ல வெச்சாச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "உனக்கு எப்பலேந்து இதெல்லாம் வந்துச்சு?"

"கத்துக்கிட்டேன்."

"ம்," என்றாள் ரோபர்ட்டா. அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி நாள், பள்ளி இல்லை. காலையில் மார்சீன் வீட்டுக்குப் போனேன். முந்தின ஞாயிறே அவள் ஏரிக்கரை வரை காரில் போய் ஆப்பிள் வாங்கி வந்திருந்தாள். இரண்டு வகை. ஒன்று அடுப்பில் எவ்வளவு நேரம் இருந்தாலும் துண்டு துண்டாக நிற்கும், இன்னொன்று கரைந்து கூழாகும். இரண்டும் வேண்டும் என்றாள். துண்டு மட்டும் இருந்தால் கடிக்கும்போது உருண்டு விழும், கூழ் மட்டும் இருந்தால் அது ஜாம்.

சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கச் சொன்னாள். நறுக்கினேன். அகலமான வாணலியில் வெண்ணெய் போட்டு, ஆப்பிளைக் கொட்டி, பழுப்புச் சர்க்கரை, பட்டைத்தூள், ஒரு சிட்டிகை உப்பு, எலுமிச்சைச் சாறு. முதலில் தண்ணீர் விட்டுக் கொதித்தது. பிறகு குமிழ்கள் பெரிதாகி மெதுவாக வெடித்தன. கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்தால் சாறு ஓடி வந்து கோட்டை மூடியது. "இன்னும் இல்ல," என்றாள். திரும்பத் திரும்ப இழுத்தாள். கடைசியில் கோடு அப்படியே நின்றது. வாணலியோடு எடுத்துப்போய் பின்கதவுக்கு வெளியே குளிரில் வைத்தாள். அணில் வராமல் இருக்க மேலே ஒரு மூடி, மூடி மேல் ஒரு செங்கல்.

மாவில் குளிர்ந்த வெண்ணெயோடு சீஸையும் துருவிப் போட்டாள். வெள்ளை சீஸ். "மஞ்சள் போட்டா வெளிய தெரியும். அப்புறம் ரோபர்ட்டா பூதக்கண்ணாடி எடுத்துட்டு வருவா."

"சீஸை விட்டுடலாமே. அதுவும் தெரியத்தானே செய்யும்?"

கட்டையால் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். நான் சரியான இடத்தைத் தொட்டுவிட்டேன் என்று பட்டது. சீஸ் இல்லாவிட்டால் யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. சீஸ் இருந்தால் ஒரே ஒருத்திக்குத் தெரியும்.

"சீஸ் இல்லாட்டி ருசி இருக்காது," என்று சொல்லிவிட்டு மறுபடி தேய்த்தாள்.

வட்டம் வெட்டுவது என் வேலை. நாடா பின்னுவது அவள் வேலை. நூலை விடக் கொஞ்சம் அகலமான நாடாக்கள், அந்தப் பெரிய விரல்களில் ஒன்றுகூட அறுந்து போகவில்லை. மாவு இளகினால் தட்டோடு வெளியே கொண்டுபோய்க் குளிரில் வைப்பாள், நாங்கள் காபி குடிப்போம், மறுபடி உள்ளே எடுத்து வருவாள். ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தி, முட்டை தடவி, பருவட்டான சர்க்கரையைத் தூவினாள். ஓவனில் முதல் ஈடு வெந்தபோது வீடு முழுவதும் பட்டை வாசம். நான் ஒன்று கேட்டேன். உடைந்ததைக் கொடுத்தாள். சூட்டில் நாக்கு பொத்துப்போனது. மாவு உதிர்ந்தது, சீஸின் உப்புக் கரிப்பு முதலில் வந்து, அதற்குப் பின்னால் ஆப்பிளின் புளிப்பு வந்தது.

"எப்படி?"

"என் பேர் போட்டா யாரும் நம்ப மாட்டாங்க."

அவள் சிரித்தாள். அந்த வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான்.

மாலையில் எல்லாம் ஆறியபிறகு பெரிய அலுமினியத் தட்டில் அடுக்கினாள். அடுக்குக்கு நடுவில் மெழுகுத்தாள். அவளிடம் இருந்த பெரிய தட்டு அது ஒன்றுதான். அதை என் காரின் பின் சீட்டில் வைத்து, சீட் பெல்ட் போட்டுவிட்டாள்.

கல்யாணம் மாதா கோயிலில், விருந்து கோயிலுக்குக் கீழே இருந்த கூடத்தில். சுவர் நீளத்துக்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். ரோபர்ட்டா ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் செய்தவர் பெயரை எழுதி ஒரு சிறு சீட்டு வைத்திருந்தாள். முந்தைய கல்யாணத்தில் அவளுடைய குக்கியை எல்லாரும் வேறொருத்தியுடையது என்று பாராட்டிவிட்டார்களாம், அதிலிருந்து இந்த ஏற்பாடு. 'பெர்னி கோவாச்' என்ற சீட்டை என் முன்னாலேயே தட்டில் சாய்த்து வைத்தாள். பிறகு ஒன்றை எடுத்துக் கடித்தாள். நான் காபிக் குவளைகளை எண்ணுவது போல் நின்றேன்.

அவள் மெல்லுவதை நிறுத்தவில்லை. ஆனால் மெதுவாக மென்றாள்.

"நல்லா வந்திருக்கு பெர்னி," என்றாள். "ரொம்ப நல்லா வந்திருக்கு."

"தேங்க்ஸ்."

"கைகாரி ஆயிட்டே."

என் காது சுட்டது. ரோபர்ட்டா அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்தாள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் என்று எல்லா வகையிலும் ஒன்றிரண்டு தனியாக எடுத்து வைக்கிற பெட்டி அது. இல்லாவிட்டால் அவர்களுக்கு எதுவும் மிஞ்சாது. மற்றதில் எல்லாம் இரண்டு இரண்டாக வைத்தவள், ஆப்பிள் குக்கியில் ஐந்து வைத்தாள். எனக்கு அது அப்போது என்னவென்று புரியவில்லை. இப்போதும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

விருந்தில் ஆப்பிள் குக்கி முதலில் தீர்ந்தவற்றில் ஒன்று. முன்பின் தெரியாத ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் மனைவிக்குச் செய்முறையை எழுதித் தரச் சொன்னார். மனைவி பக்கத்தில் நின்று, "ஏன், உங்க கை என்ன ஆச்சு?" என்று கேட்டாள். அதனால் தப்பித்தேன். ஜனெல் மேசைப் பக்கம் வரவே இல்லை. போட்டோ, நடனம், மறுபடி போட்டோ. லென் மகளோடு ஆடும்போது அழுதான். நான் ஜனெல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் வாயில் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை மார்சீன் மேடையைத் துடைத்தாள்.

"சாப்பிட்டாளா?"

"நான் பாக்கல. பெட்டியில வெச்சாங்க. ரோபர்ட்டாதான் வெச்சா."

"ரோபர்ட்டாவா?"

"ஆமா."

துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"உன் தட்டு கெடைக்கல," என்றேன். "சமையலறைல தேடினேன். கழுவினவங்க எங்கயோ மாத்தி வெச்சிட்டாங்க."

"போகட்டும். பழசுதானே."

தட்டைப் பற்றி அவளும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த நான் யோசித்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கோ சாவு வீட்டுக்கோ கொண்டுபோகிற எந்தப் பாத்திரமாக இருந்தாலும் அடியில் பேப்பர் டேப்பு ஒட்டி வீட்டுப் பெயர் எழுதியிருப்பார்கள். கழுவுகிற பெண்களுக்கு மேசை மேல் என்ன சீட்டு இருந்தது என்று தெரியாது. தட்டைக் கவிழ்த்து, அடியில் உள்ள பெயரைப் பார்த்துப் பிரித்து அடுக்குவார்கள்.

புதுத் தம்பதி தேன்நிலவு முடிந்து வந்ததும் செய்கிற முதல் வேலை தட்டுகளைத் திருப்பிக் கொடுப்பது. வெறுந்தட்டாகக் கொடுக்க மாட்டார்கள். ஜனெல்லும் நிக் டிலூக்காவும் நயாகராவிலிருந்து பெட்டி பெட்டியாக மேப்பிள் மிட்டாய் வாங்கி வந்திருந்தார்கள். நவம்பர் முதல் சனிக்கிழமை மத்தியானம் ஜனெல் மட்டும் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் அந்த அலுமினியத் தட்டு.

"மிஸஸ் கோவாச், ஒரு நிமிஷம். மேசையில ஆப்பிள் குக்கிக்கு உங்க பேருதான் இருந்துச்சாம்."

"ஆமா."

"நீங்கதான் செஞ்சீங்களா?"

"ஆமா."

"மாவுல சீஸ் போட்டிருந்துச்சே."

"போட்டேன்."

"என்ன சீஸ்?"

"வெள்ளை," என்றேன். அது சரியான பதில்தான். அவள் முகம் கொஞ்சம் வாடியது. நான் தவறாகச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பாள் போல.

"அப்ப இந்தத் தட்டும் உங்களுதுதானா?" என்று கவிழ்த்துக் காட்டினாள்.

அடியில் பழுப்பேறிய டேப்பு. எத்தனையோ தடவை கழுவியும் உரியாமல் இருந்தது. மேலே கறுப்பு மையில் 'பெட்ராக்' என்று எழுதியிருந்தது.

குக்கியைப் பற்றி நான் வாக்குக் கொடுத்திருந்தேன். தட்டைப் பற்றி யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

"தட்டு என்னோடது இல்ல," என்றேன்.

ஜனெல் உள்ளே வந்து உட்கார்ந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"பெட்ராக் தட்டெல்லாம் ரோபர்ட்டா அத்தை வீட்டுக்குப் போச்சு. அவங்க இதைப் பாத்துட்டு, 'என்னோடது இல்ல, யாரோடதுன்னு நீயே கண்டுபிடி'ன்னு எங்கிட்ட குடுத்துட்டாங்க. அப்பா வீட்ல தட்டே கெடையாது, அட்டைத் தட்டுல சாப்பிடற ஆளு. பெட்ராக்னு வேற யாரு இருக்கா?"

"இப்ப யாரும் இல்ல."

"இப்ப இல்ல," என்று திரும்பச் சொன்னாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "ஓட்டல்ல பெட்டியத் தொறந்து ஒண்ணு வாயில போட்டேன், அழுகை வந்துருச்சு. நிக் பயந்துட்டான், பல்லு உடைஞ்சிருச்சோன்னு. ஆனா சீட்டுல உங்க பேரு. சரி, மார்ஸி உங்களுக்குச் சொல்லிக் குடுத்திருப்பா, அவ்வளவுதான்னு நெனச்சேன். அவளுக்குத்தான் என்னைப் பிடிக்காதே."

"யாரு சொன்னா?"

"யாராவது சொல்லணுமா? நாலு வருஷம் அவ முன்னால போய் நின்னேன். தெனமும். கிரேவி வேணுமா, கிரேவி வேணுமா. வேற ஒரு வார்த்தை? வேற பிள்ளைங்ககிட்டயாவது 'கோட்டு போடு, பனி பெய்யுது'ன்னுவா."

"அப்ப அந்த மூலைத் துண்டு?"

"எந்த மூலை?"

சொன்னேன். நான் அவ்வளவு நீளமாக ஒரே மூச்சில் பேசியது குறைவு. அது மூலை இல்லை, ஓரம் என்று அவள் சாதித்ததையும் சொன்னேன். உன் அப்பா ஒதுங்கியிருக்கச் சொன்னதால்தான் ஒதுங்கியிருந்தாள் என்றும் சொன்னேன். குக்கியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"எல்லாருக்கும் மூலைதான் கெடைக்கும்னு நெனச்சேன்," என்றாள் ஜனெல்.

"ஒரு தட்டுக்கு நாலு மூலைதாம்மா."

அவள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். "நீங்களும் வாங்க. தனியா போனா பாதி வழியில திரும்பிடுவேன்."

மார்சீன் வாசலில் இலை வாரிக்கொண்டிருந்தாள். கார் நின்றதையும் நான் இறங்கியதையும் பார்த்தாள். பிறகு ஜனெல் இறங்குவதைப் பார்த்து, வாரியை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றாள். ஜனெல் தட்டின் மேல் ஒரு மிட்டாய்ப் பெட்டியை வைத்து, பள்ளி வரிசையில் வருகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தாள். மார்சீன் எதிரே போய் நின்றாள்.

"கிரேவி வேணுமா?" என்று கேட்டாள்.

மார்சீன் தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பெர்னி, நீ சொல்லிட்டியா?"

"குக்கியப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல."

"தட்டுதான் சொல்லிச்சு," என்றாள் ஜனெல்.

துடைப்பதற்கு மேடை இல்லாததால் மார்சீன் கையைக் கோட்டில் துடைத்தாள், ஒரு தடவை, இன்னொரு தடவை.

"சாப்பிட்டியா?"

"ரெண்டு. மிச்சம் மூணையும் நிக் தின்னுட்டான். இன்னும் அவன்கூட நான் சரியாப் பேசறதில்ல."

"ஆறிப்போய் சாப்பிட்டியா, சூடு பண்ணியா?"

"ஆறித்தான். ஓட்டல்ல எங்க சூடு பண்றது?"

"பரவால்ல. ஆறினாலும் நல்லாத்தான் இருக்கும்," என்றாள் மார்சீன். "உள்ள வாங்க. ரெண்டு பேரும் என்ன இப்படிக் குளிர்ல நிக்கறீங்க?"

குளிரில் நின்றுகொண்டிருந்தது அவள்தான், வெகு நேரமாக. நாங்கள் உள்ளே போனோம். காபி போட்டாள். அவர்கள் பேசியது அதிகமில்லை. நிக் எங்கே வேலை செய்கிறான், புது வீட்டில் ஓவன் ஒழுங்காகச் சுடுகிறதா, அவ்வளவுதான். ஓவன் ஒரு பக்கம் கருக்குகிறது என்று ஜனெல் சொன்னாள். வந்து பார்க்கிறேன் என்று மார்சீன் சொன்னாள்.

பேசிக்கொண்டே மார்சீன் தட்டைக் கவிழ்த்து, நகத்தால் அந்த டேப்பின் மூலையைச் சுரண்டினாள். கொஞ்சம்தான் கிளம்பியது. எழுந்து போய் வெந்நீர்த் துணியும் கத்தியும் எடுத்து வந்தாள்.

"இது இனிமே எதுக்கு? நான் பெட்ராக் இல்ல."

"நானும்தான் இல்ல. டிலூக்கா ஆயிட்டேன்," என்றாள் ஜனெல். அவள் கையிலிருந்து கத்தியை வாங்கி ஓரமாக வைத்தாள். "விடு மார்ஸி. அடுத்த வாரம் இதுல ஏதாவது போட்டு எனக்குக் குடுத்தனுப்புவே. அதக் கிழிச்சிட்டா, அப்புறம் தட்டை யார் வீட்ல திருப்பிக் குடுக்கறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மார்சீன் கிளம்பியிருந்த டேப்பின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். அது சரியாக ஒட்டவில்லை. மறுபடி அழுத்தினாள்.